பெட்டி மட்டும் புறப்பட்டது

சென்னை மாநகரில் வீட்டு வாசலைத் தாண்டாமலேயே மிக அதிகமான பயணங்களுக்குப் புறப்பட்டவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதற்பரிசு புறப்பாடு அவர்களுக்கே கிடைக்கும். பரிசை வாங்கிக்கொள்ள அவர் வரமாட்டார் என்பது வேறு செய்தி. விழா நடக்கும் அன்று, அந்த அரங்கம் இருக்கும் திசையில் நிச்சயம் சூலம் இருக்கும்.

புறப்பாடு என்பது பெற்றோர் இட்ட பெயர் அன்று. மயிலாப்பூர்ப் பூங்காவில் காலை நடை பயிலும் எங்கள் குழு இட்ட பெயர். அதிலும் ஒரு பிழை உண்டு. கோயிலில் புறப்பாடு என்றால் சுவாமி மாட வீதி நான்கையும் சுற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். இவருடைய புறப்பாடு செருப்பு மாட்டுவதோடு நிறைவடைந்துவிடும்.

இவர் தம் உத்தியோக காலம் முழுவதும் ஓர் அலுவலகத்தில் பிறருடைய பயணப்படிக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவர். வெளியூர் சென்ற அதிகாரிகள் ஏன் தாமதமாகத் திரும்பினார்கள் என்பதற்கு எழுதித் தந்த விளக்கங்களையெல்லாம் படித்துப் படித்து, பயணம் என்பது மண்சரிவு, வயிற்றுப்போக்கு, தவறவிட்ட பேருந்து, காணாமற்போன செருப்பு ஆகியவற்றால் ஆனது என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதற்காக வீட்டில் அமைதியாக இருப்பவர் என்று எண்ணிவிட வேண்டாம். உட்கார்ந்தால் வலது கால் ஆடும். காப்பி ஆறுவதற்குள் இரண்டு முறை எழுந்து சன்னல் வரை போய்வருவார். போவதற்கும் மனம் வராது, இருப்பதற்கும் மனம் வராது. இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர்கள் இருவர்: அவருடைய மனைவி ருக்மணி அம்மாள், அடுத்து நான்.

ருக்மணி அம்மாள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். மாதக் கடைசியில் அம்மாள் விமானம் ஏறி அங்கே போய் ஆறு மாதம் தங்குவதென்று முடிவாகியிருந்தது. புறப்பாடு விமானத்தில் ஏறமாட்டார். மண்ணை விட்டு மேலே போனவர்கள் எழுதிய விளக்கங்களையும் அவர் படித்திருக்கிறார்.

ஒரு நாள் காலை நடை முடிந்து அவர்கள் வீட்டில் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அம்மாள் தம் விருப்பத்தைச் சொன்னார்.

“அண்ணா, நான் போறதுக்குள்ள ஒரு சனி ஞாயிறு ஏற்காடு போயிட்டு வரணும். ஸ்கூல்ல இருந்தப்போ பொண்களை அழைச்சுண்டு ஒரு தடவை போயிருக்கேன். ஏரிக்கரையில நின்னுண்டு தலையை எண்ணிண்டே இருந்தேன். எண்ணி முடிக்கறதுக்குள்ள ஒண்ணு ஓடிடும், மறுபடி மொதல்லேர்ந்து. கடைசி வரைக்கும் ஏரியை நான் பாக்கவே இல்லை.”

“அவ்வளவுதானே? வர்ற வெள்ளிக்கிழமை கிளம்பறோம்!” என்று புறப்பாடு எழுந்து நின்றுவிட்டார். உடனே அவர் முகம் மாறியது. “வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்.”

“அப்போ சனிக்கிழமை கார்த்தால போலாம்.”

“சனிக்கிழமை மலையேறினா சனியும் கூடவே ஏறுவான்டி.”

சூலம் இருக்கும் திசையில் அன்று பயணம் தொடங்கலாகாது என்பது பஞ்சாங்கம் பார்ப்போர் கொள்கை. ஆனால் அதற்கு அவர்களே ஒரு கொல்லை வழியும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பரஸ்தானம். ஒரு நல்ல நாளில், நல்ல வேளையில், பயணப் பெட்டியை மட்டும் போகவேண்டிய திசையில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளப்படும். ஆள் பிறகு சௌகரியம்போல் கிளம்பி, வழியில் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம். பெட்டி மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

மறுநாள் பூங்காவில் புறப்பாடு கைப்பேசியைத் தாம்பாளம்போல் உள்ளங்கையில் ஏந்தியபடி என்முன் வந்து நின்றார். அதில் திசைகாட்டி ஆடிக்கொண்டிருந்தது.

“ஸார், எங்காத்துலேர்ந்து உங்காம் எந்தத் திக்கு?”

“ஆழ்வார்பேட்டை.”

“அது பேட்டை ஸார். நான் கேக்கறது திக்கு.” அவரே ஒரு முறை சுழன்று பார்த்தார். “மேற்கு! சாட்சாத் மேற்கு!”

குழுவில் மற்றவர்கள் சாந்தோமிலும் மந்தைவெளியிலும் திருவல்லிக்கேணியிலும் குடியிருந்தார்கள். நான் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்துத் துறைத்தலைவனாக ஓய்வு பெற்றவன். என் கல்வியை முன்னிட்டோ நன்னடத்தையை முன்னிட்டோ யாரேனும் ஒரு பொறுப்பை ஒப்படைத்தால் அதை மறுப்பது என் வழக்கமன்று. மயிலாப்பூருக்கு மேற்கே வாடகை கொடுத்து வசிக்கிறேன் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அதுவே முதல் முறை.

புதன்கிழமை காலை ஆட்டோவில் பெட்டி வந்து இறங்கியது. நீலநிறத்தில், ஓர் ஆளை மடித்து வைக்கத்தக்க அளவில் இருந்தது. புறப்பாடு அதை என் கூடத்தில், நாட்காட்டிக்குக் கீழே மேற்குப் பார்த்து வைத்தார். பிறகு என்னோடு கீழே இறங்கி வந்து ஆட்டோவில் ஏறினார். ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா சார் இது? பெரியவரு ஊருக்குப் போறாருன்னு பொட்டியத் தூக்கிக்கினு வந்தேன். இப்ப ‘ரிட்டன் மைலாப்பூர் போப்பா’ன்றாரு. பொட்டி ஊருக்குப் போவுது, இவரு ஊட்டுக்குப் போறாரா?”

“அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்,” என்றார் உள்ளிருந்தவர்.

“எத்தினியோ வருசமா வண்டி ஓட்டிக்கினு கீறேன் நைனா. பொட்டிய ஏத்தி உட்டுட்டு ஆளு நின்னுக்கினது இப்பத்தான் பாக்கறேன்.”

அந்த வெள்ளிக்கிழமை பயணம் நடக்கவில்லை. காலையிலேயே தொலைபேசி மணி அடித்தது. “ஸார், சேலத்துக்கு மேல ஒரு மேகம் நிக்கறதாம். டிக்கெட்டைக் கேன்ஸல் பண்ணிட்டேன்.” மலைப்பகுதியில் மேகம் நிற்பது இயல்பு என்றும், அதைப் பார்க்கத்தான் மக்கள் போகிறார்கள் என்றும் விளக்கினேன். “பாக்கறதுக்கு வேற மேகம் ஸார். இது வேற மேகம்,” என்று வைத்துவிட்டார்.

பெட்டி திரும்ப முடியாது. எனவே அது என் வீட்டில் குடியேறியது.

அதன் பிறகுதான் உண்மையான தொல்லை ஆரம்பமாயிற்று. அவருடைய முகச்சவரக் கருவி, படிக்கும் கண்ணாடி, நல்ல செருப்பு, வயிற்றுக்கான லேகியம் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. நான்கு நாள் தாடியோடு வந்து பெட்டியைச் சுற்றி நடந்தார்.

“திறந்து எடுத்துக்கொள்ளலாமே. உங்கள் பெட்டிதானே?” என்றேன்.

“அய்யய்யோ! அது ஏற்காட்டுக்குப் போயிண்டிருக்கு ஸார். நடுவழியில தெறக்கப்படாது. ஒரு நிமிஷம் உங்க கண்ணாடியைக் குடுங்கோ.”

என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். எழுந்து நிற்பார். மறுபடி உட்கார்ந்து புரட்டுவார். தினந்தோறும் இதே கூத்து. ஒரு நாள் எதிர்வீட்டு அம்மையார் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். “ஸார், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஃப்ரெண்டுக்கும் அந்த மாமிக்கும் ஏதாவது சண்டையா? பெட்டியோட வந்துட்டாரே. பாவம், ஷேவ்கூடப் பண்ணிக்கலை.” இந்தக் குடியிருப்பில் என் வீட்டைப் பற்றி அதுவரை எவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அன்று மாலைக்குள் மூன்று மாடிகளுக்கும் செய்தி போயிருந்தது. காவலாளி அவரைப் பார்த்து அனுதாபத்துடன் சல்யூட் வைக்க ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரம் புதிதாக ஒரு தடை முளைத்தது. பெட்டியை வைத்திருந்த வீட்டுக்காரர் உடன் வராமல் இருப்பது அபசகுனம் என்பதால் நானும் பயணத்தில் சேர்க்கப்பட்டிருந்தேன். ஆகவே மூன்று பேர். மூன்று பேராகப் போகக் கூடாது.

“அப்படியானால் நான் வரவில்லை,” என்றேன், மிகுந்த நிம்மதியுடன்.

ருக்மணி அம்மாள் இடைமறித்தார். “அண்ணா, நீங்க அவசியம் வரணும். நாங்க ரெண்டு பேர் மட்டும் போனா இவர் ரயில் டயத்தைத் தவிர வேற எதையும் பேசமாட்டார்.”

“அதுக்கு வழி இருக்கு ஸார். ஒரு கல்லைச் சேத்துண்டா நாலு பேர்னு கணக்கு,” என்றார் புறப்பாடு.

மறுநாள் பூங்காவில் கல்லுக்கு நேர்காணல் நடந்தது. ஒன்று மிகக் கனம். ஒன்று பயணத்துக்கு ஏற்ற முகமாக இல்லை. ஒன்றை நாய் ஏற்கெனவே நனைத்துவிட்டுப் போயிருந்தது. கடைசியில் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று தேர்வாகி, “நாலாவது ஆள் உங்க பொறுப்பு” என்று என் கையில் தரப்பட்டது. நான் அதைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு லஸ் முனையில் சாலையைக் கடக்க நின்றபோது என் பழைய மாணவர் ஒருவர், இப்போது பெரிய மருந்துக் கம்பெனியில் அதிகாரி, காரை நிறுத்தி இறங்கி வணங்கினார்.

“எப்படி ஸார் இருக்கீங்க? கையில என்ன ஸார்?”

“கனிம மாதிரி,” என்றேன்.

“இன்னும் ரிசர்ச் பண்றீங்களா ஸார்!” என்று அவர் மெய்சிலிர்த்துப்போனார். வேறென்ன சொல்லியிருக்க முடியும்? என்னோடு ஏற்காட்டுக்கு வருகிறார் என்றா?

அந்த வெள்ளிக்கிழமையும் பயணம் நின்றது. இம்முறை காரணம் கல். “எனக்கு, ருக்குவுக்கு, உங்களுக்கு, மூணு பேருக்கும் நட்சத்திரம் பாத்துட்டேன் ஸார், ஒரு தோஷமும் இல்லை. கல்லுக்கு என்ன நட்சத்திரம்? அதுக்குச் சந்திராஷ்டமமா இருந்துட்டா?” நான் பதில் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் பரிசோதனைக்கூடத்தில் அமிலத்தைக் குடிக்கலாமா என்று கேட்ட மாணவனுக்குக்கூட நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

மாதம் முடிய ஒரே ஒரு வார இறுதிதான் எஞ்சியிருந்தது. அடுத்த வாரம் அம்மாளுக்கு விமானம். ஏரியின் பெயரையே அவர் எடுப்பதை விட்டுவிட்டார் என்று கவனித்தேன். புறப்பாடோ முன்னிலும் பதறினார். என் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடந்து நடந்து தரை தேய்ந்தது. எனக்கே உறக்கம் குறைந்தது. அந்த நீலப் பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஏதோ ரயிலை நான் தவறவிட்டுக்கொண்டிருப்பதாக ஓர் அரிப்பு.

வியாழக்கிழமை காலை ருக்மணி அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். 

“அண்ணா, என் பாஸ்போர்ட்டைக் காணோம். பீரோவைக் கவுத்துப் பாத்துட்டேன். இவரைக் கேட்டா வாயே தெறக்காம உங்காத்துக்குக் கிளம்பிட்டார்.”

எனக்குப் புரிந்துவிட்டது. அப்போது என் கூடத்தில்தான் பெட்டியின் எதிரே உட்கார்ந்திருந்தார் அவர். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“பரஸ்தானம் வெக்கறச்சே, அது இல்லாம முடியாதுங்கற ஒரு சாமானை உள்ள வெக்கணும் ஸார். அப்பத்தான் பயணம் நிஜமா நடக்கும். எனக்கு வேற எதுவும் தோணலை.”

“சரி, திறந்து எடுத்துக் கொடுங்கள்.”

“எப்படி ஸார்? அது கிளம்பியாச்சே!” பெட்டியின் மீது இரு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார். “இனிமே அது ஏற்காட்டுக்குப் போனாத்தான் அமெரிக்காவுக்குப் போகலாம்.”

என் வாழ்நாளில் நான் எவரையும் உரத்த குரலில் கடிந்ததில்லை. அன்றும் கடியவில்லை, ஆனால் கடிவதற்கான சொற்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். பாஸ்போர்ட் பெட்டிக்குள் இருக்கிறது என்று அம்மாளிடம் தெரிவித்ததும் அவற்றைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு அடிக்கச் சற்றுமுன், ருக்மணி அம்மாள் கைப்பையுடன் என் வீட்டுக்குள் வந்தார். பின்னாலேயே மூச்சு வாங்கியபடி புறப்பாடு. கையில், வெள்ளிக்கிழமைச் சூலத்துக்குப் பரிகாரமான ஒரு வெல்லக்கட்டி.

“அண்ணா, பெட்டியைக் குடுங்கோ. மத்தியான ரயிலுக்கு மூணு டிக்கெட் நானே போட்டுட்டேன். கீழ வண்டி நிக்கறது.”

“இவளே, ராகுகாலம்டி! இன்னும் பத்து நிமிஷம் இருக்கு!”

“ராகுவும் வரட்டும். உங்களுக்கு நாலாவது ஆள் வேணுமோல்லியோ?”

புறப்பாடு பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். அறுபத்தெட்டு வயது மனிதர், பேருந்து நிலையத்தில் இடம் கிடைக்காத பிள்ளைபோல. அம்மாள் அவர் எதிரே நின்றார். பிறகு என்னிடம் திரும்பினார். ஆசிரியையின் குரல் அது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்.

“அண்ணா, இவருக்குச் சூலமும் கிடையாது, மேகமும் கிடையாது. ஏற்காடு போயிட்டு வந்தா அடுத்தது நான் அமெரிக்கா போகணும். ஏற்காடே போகலைன்னா நான் எங்கேயும் போகலைன்னு இவருக்கு ஒரு கணக்கு. அதனாலதான் மாசம் பூரா கிளம்பிண்டே இருக்கார்.”

 அவருடைய கால் ஆடவில்லை.

“ஆறு மாசம்டி,” என்றார் கடைசியில்.

“தெரியும்ன்னா.”

“காப்பிப் பொடி எவ்வளவு போடணும்னுகூட எனக்குத் தெரியாது.”

“ரயில்ல சொல்றேன். எழுந்திருங்கோ.”

அவர் எழுந்தார். வெல்லக்கட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். பெட்டியை நான் தூக்கினேன். மூன்று மாடி இறங்கப் படிக்கட்டில் கால் வைத்தபோது எதிர்வீட்டு அம்மையார் கதவிடுக்கில் நின்று, “சமாதானம் ஆயிடுச்சா ஸார்?” என்று கேட்டார். ஆயிற்று என்றேன்.

ரயிலில் புறப்பாடு அரக்கோணம் வரை மண்சரிவுகளைப் பற்றியும், காட்பாடி வரை காப்பிப் பொடியைப் பற்றியும் பேசினார். பிறகு தூங்கிப்போனார். பயணப்படி வாழ்க்கையில் இப்படி ஒரு தகவல் அவருக்கு எவரும் எழுதித் தந்ததில்லை போலும்: ரயிலில் தூக்கம் வரும். சனிக்கிழமை மலை முழுவதும் மூடுபனி. ஏரி இருக்குமிடமே தெரியவில்லை. “பாத்தேளா ஸார், அந்த மேகந்தான்!” என்று எனக்கு வெற்றியோடு காட்டினார். அம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, எதையும் எண்ணாமல், கரையோரமாகவே நடந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பனி விலகிற்று. சேலத்துக்குப் பேருந்து புறப்பட இன்னும் சற்று நேரமே இருந்தது. அதற்குள் ஒரு சுற்று என்று இருவரும் படகில் ஏறினார்கள். நான் பெட்டியுடன் கரையில் நின்றேன். நான் இதுவரை எந்தப் பேருந்தையும் தவறவிட்டதில்லை. அதை யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். புறப்படும் நேரத்தைப் படகோட்டியிடம் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினேன்.

சொன்னபடியே அவர் படகைத் திருப்பிக் கொண்டுவந்து படித்துறையில் சேர்த்தார். புறப்பாடு எழுந்திருக்கவில்லை. எதிரே அம்மாளின் முழங்காலில் படிந்திருந்த நீர்த்துளிகளை வேட்டி முனையால் ஒற்றிக்கொண்டிருந்தார்.

“எறங்கலையான்னா?”

“ஒரு சுத்து. ஒண்ணே ஒண்ணு.”

படகோட்டி என்னைப் பார்த்தார். “சார், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்களே? அதோ கிளம்பப் போவுதுங்க.”

“நிறைய நேரம் இருக்கிறது. அழைத்துப் போங்கள்,” என்றேன்.

படகு மறுபடி நீருக்குள் போயிற்று. எனக்குப் பின்னால், சாலையில், சேலம் பேருந்து இரண்டு முறை ஒலியெழுப்பிவிட்டுக் கிளம்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பை இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போடக் கூடாதா அந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.